வில்லன் இல்லாத விபத்து: 'ராக்கெட்ரி' தவறவிட்ட கதை

மாதவன் எழுதி, இயக்கி, நடித்த 'ராக்கெட்ரி' (2022) படத்தில் லூயிஜி குரோக்கோ என்ற இத்தாலியப் பேராசிரியர் வருகிறார். இடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அவர் மனைவிக்கு உடல்நிலை சரியில்லை, அதனால் மாணவர் யாரையும் எடுத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. இளம் நம்பி நாராயணன் விடுவதாயில்லை. வீட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பாடம் சொல்லுங்கள் என்று உள்ளே நுழைந்துவிடுகிறார். நம்ம ஊர் குருகுலவாசம்தான், அமெரிக்காவில் நடக்கிறது. காட்சி நன்றாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் தொண்டையும் அடைக்கிறது. கேமரா குரோக்கோவின் வீட்டுக்குள் போகிறது, அவர் மனைவியின் படுக்கை வரை போகிறது. அந்த மனிதர் எதில் பெரிய ஆள் என்ற இடத்துக்கு மட்டும் போகவில்லை.

குரோக்கோவும் சின்-ஐ செங் என்பவரும் சேர்ந்து 1956இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் எரிதல் ஏன் சில நேரம் நிலைகுலைந்து போகிறது என்பதற்கான கோட்பாடு அது. ராக்கெட் எஞ்சின் செய்கிற எல்லா நாடுகளையும் அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கவிடாமல் செய்த பிரச்சினை அதுதான். நம்பி நாராயணன் 1969இல் பிரின்ஸ்டனுக்குப் போனது அந்தத் துறையின் பெரியவர் ஒருவரிடம். பிற்பாடு அவர் பிரான்சுக்குப் போய்க் கற்று வந்த எஞ்சினின் வரலாற்றிலும் அதே பிரச்சினை ஒரு முழு ராக்கெட்டையே கடலுக்குள் தள்ளியது. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். ஒரு வரி கிடைக்காது.

"சினிமாதானே, பாடமா எடுக்க முடியும்?" என்று கேட்கலாம். பாடம் வேண்டாம். நான் கேட்பது கதையைத்தான். 'ராக்கெட்ரி'யின் குறை அறிவியலைக் குறைத்துச் சொன்னது என்பதாக எனக்குப் படவில்லை. கையில் இருந்த நல்ல கதையை விட்டுவிட்டு நமக்குப் பழகிப்போன கதையைச் சொன்னதுதான் குறை. தமிழில் ராக்கெட் பற்றி நாம் எழுதும், பேசும், பகிரும் பெரும்பாலானவற்றுக்கும் இதே குறை உண்டு.

*

முதலில் அந்த விட்டுப்போன கதை.

திரவ எரிபொருள் எஞ்சினின் தலைப்பகுதியில் இன்ஜெக்டர் இருக்கும். நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட உலோகப் பாகம். எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்ஸிகரணியும் அதன் வழியாக எரியறைக்குள் பீய்ச்சப்படும். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினில் நொடிக்கு கால் டன்னுக்கும் மேல் உள்ளே போகிறது. துளிகள் ஆவியாகி, கலந்து, சுமார் 3000 டிகிரியில் எரிகின்றன. உள்ளே போன துளி அந்தக் கணமே எரிந்துவிடுவதில்லை. ஒரு சின்னத் தாமதம் உண்டு, மில்லி வினாடிக் கணக்கில். குரோக்கோ பிடித்துக்கொண்டது இந்தத் தாமதத்தைத்தான்.

எரியறைக்குள் அழுத்தம் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. எங்கோ ஒரு சின்ன அலை எழும். அந்த அலை துளிகள் ஆவியாவதையும் எரிவதையும் பாதிக்கும். தாமதத்துக்குப் பிறகு வெப்பம் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ வெளிப்படும். அந்தக் கூடுதல் வெப்பம், அலை சுவரில் மோதித் திரும்பி உச்சத்துக்கு வரும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தால் அலை பெரிதாகிறது. பெரிதான அலை அடுத்த சுற்றில் இன்னும் அதிக வெப்பத்தைத் தூண்டுகிறது. நேரம் தப்பி வந்தால் அலை அடங்கிவிடும். ராலே பிரபு 1878லேயே சொன்ன விதி இது. அழுத்தம் கூடியிருக்கும்போது வெப்பத்தைக் கொடுத்தால் ஒலி வளரும், குறைந்திருக்கும்போது கொடுத்தால் தேயும். ராக்கெட் எஞ்சின் என்பதே கனவாக இருந்த காலத்தில் சொன்னது.

இதற்கு நல்ல உவமை நம்மிடமே இருக்கிறது. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றிருக்கிறீர்களா? ஊர் ஊராக வந்து நிற்கிற சாமிகளுக்கு முன்னால் நாதஸ்வரம் வாசிப்பார்கள். வித்வானின் மூச்சு சீராகத்தான் உள்ளே போகிறது. அது எப்படி நொடிக்குப் பல நூறு முறை அதிரும் ஒலியாகிறது? குழலுக்குள் போன அலை திரும்பி வந்து சீவாளியை அசைக்கிறது, சீவாளி அதற்கேற்பத் திறந்து மூடுகிறது, மூச்சு அதே கணக்கில் விட்டுவிட்டு உள்ளே நுழைகிறது. குழலும் மூச்சும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஒரு சுருதியில் நின்றுவிடுகின்றன. எரிதல் நிலையின்மை என்பதும் ஏறக்குறைய இதுதான். எஞ்சின் நாதஸ்வரம் ஆகிவிடுகிறது, மூச்சுக்குப் பதில் தீ.

நாதஸ்வரத்தில் அது இசை. எஞ்சினில் அது சாவு. எரியறைச் சுவரை ஒட்டி ஒப்பளவில் குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று இருக்கும், உலோகத்தைக் காப்பாற்றுவது அதுதான். அலை வலுத்ததும் அந்தப் படலம் துடைத்தெடுக்கப்படுகிறது. தீ நேராக உலோகத்தைத் தொடுகிறது. ஒரு நொடிகூட வேண்டாம், உருகிவிடும்.

அமெரிக்கர்களின் நிலாப்பயண ராக்கெட்டான சாட்டர்ன்-5இன் எஃப்-1 எஞ்சினுக்கும் இதே நோய். 1962 ஜூன் 28 அன்று சோதனை மேடையிலேயே ஒரு எஞ்சின் இதனால் அழிந்தது. அதற்குப் பிறகு முழு அளவு எஞ்சினை வைத்துச் சுமார் 2000 சோதனைகள். இன்ஜெக்டரின் முகத்தில் தடுப்புத் தகடுகள் வைத்துப் பதின்மூன்று அறைகளாகப் பிரித்தார்கள், துளைகளின் கோணத்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சின்ன வெடிகுண்டை வெடித்து, எழும் அலை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார்கள். கடைசியில் எஞ்சின் நிலைபெற்றது. முழுமையான கோட்பாடு ஒன்று கையில் இருந்ததால் அல்ல, பொறுமை இருந்ததால்.

*

இனி பிரான்ஸ். புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் கூடுதல் நெருக்கம்.

பிரான்சின் எஸ்இபி நிறுவனம் வைக்கிங் என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1974இல் இஸ்ரோவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வைக்கிங்கின் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு, பதிலுக்கு இந்தியா கொடுக்கவேண்டியது உழைப்பு. நூறு மனித-ஆண்டு அளவுக்கு இந்தியப் பொறியாளர்கள் அங்கே வேலை செய்யவேண்டும், ஆயிரக்கணக்கான அழுத்த உணரிகளைச் செய்து தரவேண்டும். நார்மண்டியின் வெர்னோன் என்ற சிற்றூருக்கு நம்பி நாராயணனின் குழு போனது இப்படித்தான். பக்கத்தில்தான் ஓவியர் மோனேவின் தோட்டமும் அல்லிக்குளமும் இருக்கிற ழிவெர்னி.

எங்கள் ஊரில் சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்துக்கு உழைத்துக் கொடுத்து, ஓய்வூதியமும் குடியுரிமையும் மொழியும் வாங்கி வந்த குடும்பங்கள். உழைப்பைக் கொடுத்து வேறொன்றை வாங்கிவரும் இந்தக் கணக்கு இங்கே எல்லோருக்கும் புரியும், அதில் என்ன பெருமை, என்ன கசப்பு என்பதும் தெரியும். படத்தில் வெர்னோன் ஒரு வெளிநாட்டு லொகேஷனாக மட்டும் நின்றுவிடுகிறது. அந்தக் கொடுக்கல்வாங்கலின் நுட்பத்தில் படம் தங்குவதில்லை. அழுத்த உணரி என்பது எஞ்சினின் காது. உள்ளே அலை எழுகிறதா என்று முதலில் கேட்பது அதுதான். ஐரோப்பிய எஞ்சினுக்கு நாம் காதுகள் செய்துகொடுத்தோம்! இதைவிட நல்ல காட்சி ஒரு இயக்குநருக்கு வேறெங்கே கிடைக்கும்?

வைக்கிங் எஞ்சின்கள் பூட்டிய ஆரியான் ராக்கெட் முதல்முறை 1979 டிசம்பர் 24 அன்று வெற்றிகரமாகப் பறந்தது. இரண்டாவது முறை 1980 மே 23. முதல் அடுக்கில் நான்கு வைக்கிங். அதே வடிவமைப்பு, அதே கைகள். நான்கில் ஒன்றில் உயர் அதிர்வெண் நிலையின்மை. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து ராக்கெட் அட்லாண்டிக்கில் விழுந்தது. ஜெர்மானிய ஆய்வுச் செயற்கைக்கோள் ஒன்றும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் உருவாக்கிய செயற்கைக்கோள் ஒன்றும் கூடவே போயின.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வேலை. இன்ஜெக்டரைத் திருத்தினார்கள், சோதித்தார்கள். பின்னாளில் எரிபொருளையே மாற்றி, ஹைட்ரசீன் ஹைட்ரேட் 25 சதவீதம் கலந்த யூஎச்-25க்குப் போனார்கள். இன்று நம் விகாஸும் அதே யூஎச்-25ஐத்தான் எரிக்கிறது. ஆரியானின் மூன்றாவது பயணம் 1981 ஜூன் 19. அதில் ஏறிப்போன செயற்கைக்கோள்களில் ஒன்று இந்தியாவின் ஆப்பிள். அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர்.

ஆப்பிளை உங்களுக்குத் தெரியும். மாட்டுவண்டியில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிற புகைப்படம், அதுதான். ஆகஸ்ட் 15க்கும் ஒவ்வொரு ஏவுதலுக்கும் 'அன்று மாட்டுவண்டி, இன்று நிலா' என்ற வாசகத்தோடு நம் போனுக்கு வந்து சேரும். ஆன்டெனா சோதனைக்கு உலோக வண்டி இடைஞ்சல் செய்யும், அதனால் மரவண்டி. ஏழ்மைக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் கம்மி. அந்தச் செயற்கைக்கோளைத் தூக்கிப்போன ராக்கெட்டுக்கு முந்தையது, தன் எதிரொலியோடு சேர்ந்து பாடிச் செத்தது என்பதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

*

நாங்கள் சிலர் புதுச்சேரியில் மாதம் ஒருமுறை படம் போட்டுப் பேசுவோம். 'ராக்கெட்ரி' போட்ட மாதம் பேச்சு முழுக்க ஒரே இடத்தில் சுற்றியது. யார் சதி செய்தது, யாருக்காகச் செய்தது? நான் ஆரியான் கதையைச் சொன்னேன். ஒரு கல்லூரி மாணவி கவனமாகக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணா, அதுல யாரு தப்பு பண்ணாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். "யாருமே இல்லன்னா அப்புறம் எப்படி அது கதையாவும்?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான்.

'ராக்கெட்ரி' அந்தக் கேள்விக்கு அஞ்சுகிறது. வெர்னோனில் முக்கியமான எஞ்சின் சோதனை வருகிறது. அந்தச் சோதனையிலேயே போதுமான பதற்றம் இருக்கிறது. எரியறைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, முள் நடுங்குகிறதா என்றுதான் பார்க்கமுடியும். ஆனால் படம் பதற்றத்தை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது. குழுவில் ஒருவருடைய குழந்தை ஊரில் இறந்துவிடுகிறது, சோதனை முடியும்வரை அந்தச் சேதியை நம்பி மறைக்கிறார். காட்சி வேலை செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எந்தத் தொழிலைப் பற்றிய படத்திலும் வரக்கூடிய காட்சி. மருத்துவர் படத்தில் வரலாம், கிரிக்கெட் படத்தில் வரலாம். எஞ்சின் வெறும் பின்னணியாகிவிடுகிறது.

'அக்னிச் சிறகுகளி'லும் இதே வழுக்கல் உண்டு, வேறு வடிவத்தில். 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3இன் முதல் பயணம் தோற்றது. சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதும், அடுத்த வருடம் வெற்றி வந்தபோது கலாமை முன்னால் அனுப்பியதும் தமிழ்நாட்டில் எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சிலும் வராமல் இருக்காது. தோல்விக்கான காரணம் என்ன? இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு. தூசி சிக்கி அது மூடாமல் போக, நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துவிட்டது. தவனின் பெருந்தன்மை லட்சம் மேடைகளில் ஏறியது. அந்தத் தூசியை மேடையேற்றியவர் யாருமில்லை. தலைமைப் பண்புக்குப் பாடமாகும்வரைதான் தோல்விக்கு நம்மிடம் இடம்.

'ராக்கெட்ரி' அதற்கும் ஒரு படி மேலே போய், தோல்வி என்றாலே அதன் பின்னால் ஒரு கை இருக்கவேண்டும் என்ற மனநிலையை உறுதிப்படுத்துகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம்பி நாராயணனுக்கு நடந்தது அநீதி. 1994 நவம்பரில் கைது, காவலில் சித்திரவதை, 1996இல் வழக்கில் ஆதாரமில்லை என்று சிபிஐ சொன்னது, 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தக் கதையில் குற்றவாளிகள் உண்டு, அவர்களைக் கேள்வி கேட்க வேண்டியதும் நியாயம். சிக்கல் எங்கே என்றால், அந்த இரண்டாம் பாதியின் ஒளியை முதல் பாதியின் மீதும் படம் பாய்ச்சுகிறது. ஒரு தனிமனிதர், சுற்றிலும் தடைகள், எல்லாவற்றையும் அவர் சாமர்த்தியம் வெல்கிறது. எஞ்சின் அவர் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு. படம் வந்த சில வாரங்களில் முன்னாள் இஸ்ரோ அறிஞர்கள் சிலர், திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநராக இருந்த முத்துநாயகம் உட்பட, படத்தின் பல கூற்றுகளை வெளிப்படையாக மறுத்தார்கள். எந்தக் கூற்று எவ்வளவு சரி என்பது வரலாற்றாசிரியர்கள் வேலை. ரசிகனாக எனக்குத் தோன்றுவது வேறு. அந்த மறுப்புக் குரல்களுக்குப் படத்துக்குள்ளேயே இடமிருந்திருந்தால் அது இன்னும் நல்ல படமாகியிருக்கும்.

*

சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஆர்.ஐ. சுஜித்தும் அவர் மாணவர்களும் பல வருடங்களாக இதே நிலையின்மையைத்தான் ஆராய்கிறார்கள். அவர்கள் கண்டுசொன்னதில் ஒன்று எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. நன்றாக இயங்கும் எரியறையிலிருந்து வருவது இரைச்சல், ஒழுங்கற்ற கரகரப்பு. அது வெறும் இரைச்சல் இல்லை, அதற்குள் நுட்பமான சிக்கல் அமைப்பு உண்டு. ஆபத்து நெருங்கும்போது அந்த ஒழுங்கின்மை குறைய ஆரம்பிக்கிறது. இடையிடையே ஒரே சுருதி தலைகாட்டி மறைகிறது. பிறகு அந்தச் சுருதி மட்டுமே மிஞ்சுகிறது. அதாவது கரகரப்பு ஆரோக்கியம், ஒத்திசைவு அபாயம். இரைச்சலில் சிக்கல் குறைவதைக் கவனித்தால் முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்கிறார்கள்.

இப்போது படத்தின் முடிவை நினைத்துப்பாருங்கள். தமிழ்ப் பதிப்பில் பேட்டி எடுப்பவர் சூர்யா. பேட்டியின் கடைசியில் மாதவன் மறைந்து நிஜ நம்பி நாராயணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தேசத்தின் சார்பில் மன்னிப்பு கேட்கிறார் சூர்யா. தியேட்டரில் எல்லோர் கண்ணும் கலங்குகிறது, எனக்கும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில். பார்வையாளர் எங்கே உச்சத்தில் இருக்கிறாரோ சரியாக அங்கே படம் வெப்பத்தைக் கொட்டுகிறது. ராலே சொன்னபடி அலை வளரத்தான் செய்யும். 2023இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த திரைப்படம் இதுதான், ஆச்சரியமில்லை. அந்த அலை அடங்கிய பிறகு நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் விமர்சனம் கேட்கவேண்டியது. ஒரு மனிதருக்காகப் பட்ட கோபம் மிஞ்சுகிறது. அவர் வாழ்நாளைக் கொடுத்த பொருள் என்ன, அது எப்படி இயங்குகிறது, எப்படிச் சாகிறது என்பது மிஞ்சவில்லை. அவரைக் கௌரவிக்க வந்த படம் அவருடைய வேலையைக் கௌரவிக்கவில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். குற்றவாளி இல்லாமல் எப்படிக் கதை? நம் மரபில் அது ஒன்றும் புதிதில்லை. மழை பொய்த்த கதையும் கடல் பொங்கின கதையும் நம்மிடம் உண்டு, அவற்றில் வில்லனைத் தேடுவதில்லை. மனிதர் என்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறோம். எஞ்சின் கதையும் அப்படி எழுதப்படலாம். எல்லோரும் சரியாகச் செய்தார்கள், நான்கில் ஒன்று பாடியது, மறுநாள் காலை என்ன செய்தார்கள்? யார் யாரை முறைத்தார்கள், யார் துளைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள், பழி சொல்ல ஆளில்லாத இடத்தில் ஒரு குழு எப்படி உடையாமல் நின்றது?

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இன்றும் விகாஸைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். மனிதர்களை ஏற்றிச்செல்லப்போகும் ககன்யானுக்காக 2021 ஜூலை 14 அன்று அதை 240 நொடிகள் எரித்தார்கள். அந்த நான்கு நிமிடமும் ஓர் அறையில் சிலர் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கோடு கரகரவென்று ஒழுங்கில்லாமல் ஓடினால் நல்லது. அழகான அலையாக மாற ஆரம்பித்தால் போச்சு. சினிமாவோ நாவலோ, இந்த 240 நொடியை எழுதத் தெரிந்தவர் நம்மில் யாராவது இருந்தால், சீக்கிரம் எழுதுங்கள். படிக்க நான் இருக்கிறேன். அந்த மாணவியும் இருக்கிறார்.